ஆப்புக்குள்ள இருந்தே கமிட், புஷ்: சிம்பிள்-கிட் லைப்ரரியோட ரெண்டு வருஷம்

நான் பாத்துக்குற டூல் ஒண்ணு இருக்கு. அதுல எழுதுறவங்க யாருக்கும் கிட் (ஃபைல்ல நடக்குற மாத்தத்தை எல்லாம் பதிவு பண்ணி வைக்கிற ப்ரோக்ராம்) தெரியாது, தெரிஞ்சுக்கணும்னு அவசியமும் இல்ல. பிரவுசர்ல ஒரு பக்கத்தை திருத்துவாங்க, சேவ் அழுத்துவாங்க, அவ்ளோதான். பின்னாடி நோட்.ஜேஎஸ்ல (ஜாவாஸ்கிரிப்டை சர்வர்ல ஓட்டுறது, சுருக்கமா நோட்) ஓடுற சர்வர் தான் அந்த ஃபைலை ரெப்போல (கிட் பாத்துக்குற ஃபோல்டர்ல) எழுதி, ஆட் பண்ணி (அடுத்த பதிவுக்கு எடுத்து வச்சு), கமிட் போட்டு (பதிவு பண்ணி), புஷ் பண்ணணும் (ரிமோட்ங்கிற வெளி ரெப்போவுக்கு அனுப்பணும்). சொல்லும்போது மூணு லைன் கோட் மாதிரி தெரியும். அந்த மூணு லைனை தினமும் தப்பில்லாம ஓட வைக்கிறது பெரிய வேலைன்னு இறங்கின பிறகு தான் புரிஞ்சுச்சு. அதுக்கு இப்போ நான் நம்பி யூஸ் பண்றது சிம்பிள்-கிட்ங்கிற என்பிஎம் பேக்கேஜ், நோட் கோட்ல இருந்து கிட்டை ஓட்ட உதவுற லைப்ரரி. ரெண்டு வருஷம் ஓட்டியாச்சு, எங்க கை குடுக்குது, எங்க நாம தான் முழிச்சிருக்கணும்னு எழுதிடலாம்னு உக்காந்தேன்.

முதல்ல லைப்ரரி எதுவும் இல்லாம, நோடோட சைல்ட் ப்ராசஸ் மாட்யூல்ல இருக்குற எக்ஸெக்கை வச்சு தான் ஓட்டினேன். எக்ஸெக் என்ன பண்ணும்னா நீங்க குடுக்குற ஸ்ட்ரிங்கை அப்படியே ஷெல்லுக்கு (கமாண்டை வாங்கி ஓட்டுற ப்ரோக்ராமுக்கு) தூக்கி குடுத்துரும். ஒருத்தர் கமிட் மெசேஜ்ல டபுள் கோட் போட்டு எழுதினாங்க, அந்த இடத்துல கமாண்ட் உடைஞ்சு எரர் வந்துச்சு. எரரோட போனது நல்லதா போச்சு, ஏன்னா அதே இடத்துல ஒரு செமிகோலனும் பின்னாடி வேற ஒரு கமாண்டும் இருந்திருந்தா ஷெல் அதையும் சேத்து ஓட்டியிருக்கும், அதுவும் சர்வரோட பர்மிஷன்ல. அன்னைக்கே எக்ஸெக்ஃபைலுக்கு மாத்திட்டேன். அதுல ஆர்க்யுமென்ட் எல்லாத்தையும் ஒரு அரேயா தனித்தனியா குடுக்குறோம், நடுவுல ஷெல்லே கிடையாது, அதனால டபுள் கோட் வந்தாலும் டாலர் குறி வந்தாலும் அது வெறும் எழுத்து தான். லைப்ரரியே வேண்டாம், நானே எழுதிக்கிறேன்னு முடிவு பண்றவங்க கூட இந்த ஒண்ணை மட்டும் விட்டுறாதீங்க.

அடுத்த தலைவலி அவுட்புட். கிட் லாக் (கமிட் ஹிஸ்டரி) கொஞ்சம் பெருசா போனா பாதியில அறுந்துரும், ஏன்னா எக்ஸெக், எக்ஸெக்ஃபைல் ரெண்டுக்கும் மேக்ஸ்பஃபர்னு ஒரு வரம்பு இருக்கு, டீஃபால்ட் 1024 × 1024 பைட், அதை தாண்டின உடனே நோட் அந்த ப்ராசஸை நிறுத்திரும். அதை கூட்டி வச்சுக்கலாம், சரி. ஆனா வந்து விழுற டெக்ஸ்டை பிரிச்சு எடுக்குறது இருக்கே. எங்க ரெப்போல 'அறிமுகம்'னு தமிழ்லயே பேர் வச்ச ஃபைல் இருக்கு. எல்எஸ்-ஃபைல்ஸ்ங்கிற கிட் கமாண்டை (ஃபைல் லிஸ்ட் குடுக்குறது) ஓட்டினா அந்த பேர் வராது, அதுக்கு பதிலா \340\256\205\340\256\261 அப்படின்னு டபுள் கோட்டுக்குள்ள நம்பரா கொட்டும். முதல் மூணு நம்பர் 'அ', அடுத்த மூணு 'ற'. யூடிஎஃப்-8ல தமிழ் எழுத்துக்கு மூணு பைட், ஒவ்வொரு பைட்டையும் கிட் ஆக்டல்ல மாத்தி காட்டுது. கோர்.கோட்பாத்ங்கிற செட்டிங் டீஃபால்ட்டா ஆன்ல இருக்குறதால வர்ற வேலை இது. ஆஃப் பண்ணலாம், இல்லன்னா கமாண்டோட மைனஸ் இசட் சேத்தா பேரெல்லாம் உள்ளபடியே, நடுவுல நல் கேரக்டர் போட்டு பிரிச்சு வரும். இதையெல்லாம் ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சு நானே பார்சர் எழுதிட்டு இருந்தப்போ தான், இதை ஏற்கனவே யாராவது ஒழுங்கா செஞ்சிருப்பாங்களேன்னு தேட ஆரம்பிச்சேன்.

தேடினதுல மூணு வழி கண்ணுல பட்டுச்சு. ஐசோமார்ஃபிக்-கிட்னு ஒண்ணு, கிட்டையே முழுசா ஜாவாஸ்கிரிப்ட்ல திரும்ப எழுதினது. மெஷின்ல கிட் இல்லன்னாலும் ஓடும், பிரவுசர்லயே ஓடும், அது நிஜமாவே பெரிய விஷயம். ஆனா எஸ்எஸ்எச் கிடையாது, எச்டிடிபி மட்டும் தான், பிரவுசர்ல இருந்து வெளி சர்வருக்கு போகணும்னா பெரும்பாலும் நடுவுல ஒரு கோர்ஸ் ப்ராக்ஸி (பிரவுசர் தடுக்காம இருக்க நடுவுல நின்னு வாங்கி அனுப்புற சர்வர்) வைக்கணும். ஸ்டேட்டஸ் கேட்டா ஒவ்வொரு ஃபைலுக்கும் பேரோட மூணு நம்பர் வரும், ஹெட்ல (கடைசி கமிட்ல) எப்படி, டிஸ்க்ல எப்படி, ஸ்டேஜ்ல (ஆட் பண்ணி வச்சதுல) எப்படின்னு, அதை வச்சு அர்த்தம் நாம தான் எடுக்கணும். இன்னொண்ணு நோட்கிட், லிப்கிட்2ங்கிற சி லைப்ரரியை நோடுக்குள்ள கொண்டு வர்றது. நேட்டிவ் மாட்யூல்ங்கிறதால இன்ஸ்டால்லயே கம்பைல் சண்டை வரும், நான் அதுக்கு மேல போகல. மூணாவது சிம்பிள்-கிட்.

இது கிட் கிடையாது, அதை முதல்லயே மனசுல போட்டுக்கணும். உங்க மெஷின்ல இருக்குற அதே கிட் ப்ரோக்ராமை பின்னாடி ஸ்பான் பண்ணி, பதிலை வாங்கி, ஆப்ஜெக்டா மாத்தி குடுக்குது. அதனால உங்க எஸ்எஸ்எச் கீ, உங்க கான்ஃபிக், உங்க ஹுக்ஸ் (கமிட், புஷ் நேரத்துல தானா ஓடுற ஸ்கிரிப்ட்) எல்லாம் டெர்மினல்ல எப்படி வேலை செய்யுமோ அதே மாதிரி இங்கயும் வேலை செய்யும். எனக்கு இது தான் ரொம்ப பிடிச்சது, ஏதாவது புரியலன்னா அதே கமாண்டை டெர்மினல்ல கையால ஓட்டி பாத்துக்கலாம். அதே காரணத்தால, கிட் இல்லாத இடத்துல இது ஓடவே ஓடாது. சின்ன சைஸ் டாக்கர் இமேஜ் நிறையத்துல கிட் இருக்காது, 'ஸ்பான் கிட் ஈநோஎன்ட்'னு எரர் வந்தா கோடை நோண்டாதீங்க, இமேஜ்ல கிட் இன்ஸ்டால் பண்ணுங்க.

ஸ்டேட்டஸ் கூப்பிட்டு பாருங்க, அங்கயே மனசு நிறைஞ்சிரும். ஒரே அவெய்ட், வர்ற ஆப்ஜெக்ட்ல மாடிஃபைட் ஒரு லிஸ்ட், புதுசா வந்து இன்னும் ஆட் ஆகாதது ஒரு லிஸ்ட், கான்ஃப்ளிக்ட் ஆனது ஒரு லிஸ்ட், எந்த பிராஞ்ச்ல இருக்கோம், ரிமோட்டை விட எத்தனை கமிட் முன்னாடி, எத்தனை பின்னாடி, கடைசியா இஸ்க்ளீன்னு ஒரு ஃபங்ஷன். உள்ள அது போர்சலைனும் (ப்ரோக்ராம் படிக்க வசதியா கிட் குடுக்குற வடிவம்) நல் பிரிப்பானும் சேத்து தான் ஓட்டுது, அதனால 'அறிமுகம்' 'அறிமுகம்'னே வருது. நான் நாலு நாள் உக்காந்து எழுதின பார்சரை அன்னைக்கு ஒரே கமிட்ல தூக்கி போட்டேன், அவ்ளோ நிம்மதி. லாக் கேட்டாலும் ஹாஷ், தேதி, மெசேஜ், எழுதினவர் பேர், ஈமெயில் எல்லாம் தனித்தனி ஃபீல்டா வரும். டைப்ஸ்கிரிப்ட் டைப்ஸும் கூடவே வருது. லைப்ரரில இல்லாத கமாண்டுக்கு ரா-ன்னு ஒரு வாசல் இருக்கு, எதை வேணா அரேயா குடுத்து ஓட்டிக்கலாம், பதில் மட்டும் வெறும் டெக்ஸ்டா வரும்.

இப்போ எனக்கு உண்மையாவே அடி விழுந்த இடம். ஒரு நாள் எழுதுறவங்க ஒருத்தர் வந்து, நான் சேவ் பண்ணேன், பச்சை டிக்கும் வந்துச்சு, ஆனா ஹிஸ்டரில என் மாத்தம் இல்லையேன்னு கேட்டாங்க. சர்வர் லாக்ல ஒரு எரர் கூட இல்ல. ஆட் ஓடியிருக்கு, கமிட் ஓடியிருக்கு, ப்ராமிஸ் அழகா ரிசால்வ் ஆயிருக்கு, அதாவது வேலை முடிஞ்சுதுன்னு பதில் வந்திருக்கு. ரொம்ப நேரம் முட்டி பாத்தப்புறம் தெரிஞ்சுச்சு, அவங்க எழுதின ஃபோல்டரை பழைய கிட்இக்னோர் (கிட் கண்டுக்க கூடாத ஃபைல்களோட லிஸ்ட்) லைன் ஒண்ணு மறைச்சு வச்சிருக்கு, நான் வேற மாறின ஃபைலை மட்டும்னு இல்லாம மொத்தமா புள்ளி போட்டு ஆட் பண்ணிட்டு இருந்தேன், அதனால ஸ்டேஜ்ல எதுவுமே ஏறல. எதுவும் ஏறலன்னா கமிட் தோத்திருக்கணும்ல? கிட் தோத்து தான் போச்சு, எக்ஸிட் கோட் 1 குடுத்துச்சு (ப்ரோக்ராம் முடியும்போது விடுற நம்பர், 0ன்னா நல்லபடியா முடிஞ்சுது). ஆனா 'கமிட் பண்ண எதுவும் இல்ல'ங்கிற அந்த மெசேஜை கிட் எழுதுறது எஸ்டிடிஅவுட்ல (சாதாரண அவுட்புட் போற வழி), எஸ்டிடிஎரர்ல (எரர் மெசேஜுக்கான தனி வழி) இல்ல. சிம்பிள்-கிட் ஒரு கமாண்ட் தோத்துச்சுன்னு முடிவு பண்ண டீஃபால்ட்டா ரெண்டும் வேணும்: எக்ஸிட் கோட் பூஜ்யமா இருக்க கூடாது, கூடவே எஸ்டிடிஎரர்ல ஏதாவது எழுதியிருக்கணும். இங்க ரெண்டாவது இல்ல. அதனால ரிசால்வ் ஆகுது, வர்ற ரிசல்ட்ல கமிட்ங்கிற ஃபீல்ட் மட்டும் காலி ஸ்ட்ரிங்.

இதுல லைப்ரரி மேல முழு தப்பும் சொல்ல முடியாது, ஏன்னா கிட்டே நல்லபடியா முடிஞ்ச வேலையோட ப்ரோக்ரஸை எல்லாம் எஸ்டிடிஎரர்ல தான் எழுதும், எஸ்டிடிஎரர்ல எழுத்து இருந்தாலே எரர்னு எடுத்தா ஒவ்வொரு புஷ்ஷும் தோத்த மாதிரி ஆயிரும். எக்ஸிட் கோட் 1 மட்டும் வச்சு எரர்னு எடுத்தாலும் சிக்கல் தான், டிஃப்ஃபை குவைட் போட்டு ஓட்டினா மாத்தம் இருக்குன்னு சொல்றதுக்கே கிட் 1 குடுக்கும். ஆனா கமிட் விஷயத்தை மட்டும் டாக்குமென்டேஷன்ல முதல் பக்கத்துலயே பெரிய எழுத்துல போட்டிருக்கணும்னு நான் நினைக்கிறேன், இதை தெரியாம எத்தனை ஆப் பச்சை டிக் காட்டிட்டு இருக்கோ. நான் பண்ணது, ரிசல்ட்ல கமிட் ஹாஷ் இருக்கான்னு பாத்து, இருந்தா தான் 'சேவ் ஆச்சு', பக்கத்துலயே அந்த ஹாஷையும் காட்டுறேன். இல்லன்னா மஞ்சள்ல 'எதுவும் மாறல'. எரர்ஸ்னு ஒரு ப்ளகின் செட்டிங் இருக்கு, அதுல எது எரர்னு நாமளே எழுதிக்கவும் முடியும்.

ரெண்டு பேர் ஒரே நேரத்துல சேவ் அழுத்தினா என்ன ஆகும்னும் யோசிச்சு வைங்க. கிட் இன்டெக்ஸை (ஸ்டேஜுக்கு இன்னொரு பேர்) மாத்தும்போது இன்டெக்ஸ்.லாக்னு ஒரு ஃபைல் போட்டு வைக்கும், அது இருக்கும்போது அடுத்த கிட் உள்ள வந்தா தோத்துரும். சிம்பிள்-கிட்ல ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா கோத்து எழுதினா அந்த வரிசை காப்பாத்தப்படும், ஆனா வேற ரெக்வெஸ்ட்ல இருந்து வர்ற இன்னொரு கோர்வை பக்கத்துலயே ஓடும், ஒரே நேரத்துல எத்தனை ப்ராசஸ்ங்கிற வரம்பும் ஒவ்வொரு இன்ஸ்டன்ஸுக்கும் தனி. அந்த இன்டெக்ஸ்.லாக் எரரை விட மோசமானது, எரரே வராம உங்க ஃபைல் அடுத்தவங்க கமிட்ல போய் உக்காந்துக்கிறது, நீங்க ஆட் பண்ணதுக்கும் கமிட் பண்றதுக்கும் நடுவுல அவங்க கமிட் ஓடிட்டா போச்சு. அதனால ஆட், கமிட், புஷ் மூணையும் ஒரே வேலையா கட்டி ரெப்போவுக்கு ஒரு க்யூன்னு நானே வச்சிருக்கேன், கமிட்டுக்கு ஃபைல் பேரையும் சேத்து குடுக்குறேன், அப்போ அந்த ஃபைல் மட்டும் தான் போகும்.

தொங்குறது இன்னொண்ணு. டெர்மினல்ல இருந்து சர்வரை ஸ்டார்ட் பண்ணி, எச்டிடிபிஎஸ் ரிமோட்டுக்கு புஷ் போகும்போது டோக்கன் காலாவதி ஆயிருந்தா கிட் யூசர்நேம் கேட்டுட்டு அமைதியா உக்காந்துரும், உங்க அவெய்ட்டும் கூடவே உக்காந்துரும். கிட் டெர்மினல் ப்ராம்ப்ட்ங்கிற என்விரான்மென்ட் வேரியபிளை 0 ஆக்கிட்டா கேக்காம நேரா எரர் குடுக்கும். டைம்அவுட்ல பிளாக்னு ஒண்ணு இருக்கு, குடுத்த மில்லிசெகண்டுக்கு எந்த அவுட்புட்டும் வரலன்னா ப்ராசஸை நிறுத்திரும், மொத்த நேரம் இல்ல, சத்தமே இல்லாத நேரத்தை தான் அது கணக்கு பண்ணுது, பெரிய க்ளோனுக்கு (மொத்த ரெப்போவையும் இறக்குறதுக்கு) இது சரியான அளவுகோல். ஒரு எச்சரிக்கை: என்வ் ஃபங்ஷன்ல வேரியபிள் குடுத்தா நோடோட பழைய என்விரான்மென்ட் தானா கூட வராது, அதையும் நாம தான் பரப்பி குடுக்கணும், இல்லன்னா பாத், ஹோம் எல்லாம் காணாம போயிரும்.

கன்டெய்னர்ல ரெப்போவை மவுன்ட் பண்ணி ஓட்டுறவங்களுக்கு 'டூபியஸ் ஓனர்ஷிப்'னு ஒரு எரர் வரலாம். 2022 ஏப்ரல்ல வந்த கிட் 2.35.2ல இருந்து, ஃபோல்டரோட ஓனர் வேற யூசரா இருந்தா கிட் அதை தொடாது. சேஃப்.டைரக்டரி கான்ஃபிக்ல அந்த பாத்தை சேத்தா முடிஞ்சுது.

கடைசியா செக்யூரிட்டி, இதை சும்மா படிச்சிட்டு தாண்டாதீங்க. 2022ல இந்த பேக்கேஜ்ல வரிசையா ஓட்டை வெளிய வந்துச்சு. சிவிஇ-2022-25912ல (சிவிஇங்கிறது வெளிய தெரிஞ்ச ஓட்டைக்கு குடுக்குற அடையாள நம்பர்), க்ளோனுக்கு குடுக்குற ஆர்க்யுமென்ட் வழியா ஈஎக்ஸ்டி ட்ரான்ஸ்போர்ட்டை (ரிமோட்டோட பேச கிட் வேற ஒரு கமாண்டை ஓட்டுற வழி) ஆன் பண்ணி விட்டா யூஆர்எல்ங்கிற பேர்ல எந்த கமாண்டையும் உங்க சர்வர்ல ஓட்டலாம், அதை 3.15.0ல சரி பண்ணாங்க, அதுல விட்டுப்போனதை 3.16.0ல. ஷெல் இல்லாம ஓட்டினாலும் கிட்டோட சொந்த ஆப்ஷன்களே ஆபத்தா இருக்க முடியும்ங்கிறது இதுல தான் எனக்கு உறைச்சுது. இப்போ யூசர் டைப் பண்ற பிராஞ்ச் பேர் ஹைஃபன்ல ஆரம்பிச்சா என் சர்வர் வாசல்லயே திருப்பி அனுப்பிரும், ரிமோட் யூஆர்எல்லை யூசர் கிட்ட இருந்து வாங்குறதே இல்ல, நாங்க அனுமதிச்ச லிஸ்ட்ல இருந்து தான். உங்க ப்ராஜெக்ட்ல இது நேரடியா இல்லன்னாலும் வேற ஏதாவது பேக்கேஜ் உள்ள இழுத்துட்டு வந்திருக்கும், அதனால பேக்கேஜ்-லாக் ஃபைலை (எந்த பேக்கேஜ் எந்த வெர்ஷன்னு இருக்குற லிஸ்ட்) திறந்து சிம்பிள்-கிட் என்ன வெர்ஷன்னு பாருங்க, பழசா இருந்தா இன்னைக்கே லேட்டஸ்டுக்கு ஏத்திடுங்க.