மகிழம் என்று கொடுத்தார்கள், வளர்வது வேறு மரம்: எங்கள் தெருவின் 46,000 ரூபாய் போன கதை

மகிழங்கன்று என்று சொல்லி வேறொரு மரத்தை எங்கள் தெருவுக்கே விற்றுவிட்டார்கள். பதினான்கு வீட்டார் சேர்ந்து போட்ட 46,000 ரூபாய் போய்விட்டது. மதுரைக்கு வெளியே புறவழிச்சாலை ஓரத்தில் பரந்து கிடக்கும் பெரிய நர்சரி அது. கன்று விற்பதோடு நில்லாமல், குழி தோண்டி நட்டுத் தந்து, ஓராண்டு பராமரிப்புக்கும் பொறுப்பேற்பதாகச் சொல்லும் வகை. பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் இதே வகைக் கடை ஊருக்கு ஊர் இருக்கிறது என்பதால், வரும் ஆடி ஆவணியில் மரம் நட எண்ணியிருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

எங்கள் தெருவின் ஒரு பக்கம் வீடுகள். சுற்றுச்சுவரை ஒட்டியே குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் போகின்றன. எதிர்ப்பக்கம் காலிமனைகள். செம்மண்ணோடு சுக்கான்கல் கலந்த மண், கொஞ்சம் உப்புக் கரிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீர். இதில் எந்த மரம் எங்கே என்பதைப் பேசித்தான் முடிவு செய்தோம். காலிமனைப் பக்கத்துக்குப் புங்கன், வீட்டுப் பக்கத்துக்கு மகிழம்.

புங்கனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் தானாக வளர்வது. உப்பையும் வறட்சியையும் சில நாள் தேங்கி நிற்கும் நீரையும் தாங்குவது. வேர்முடிச்சுகளால் காற்றின் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். மாசியில் இலை உதிர்த்து, வெயில் ஏறுவதற்குள் இளம்பச்சைத் தளிர் விட்டு, சித்திரையில் நமக்கு நிழல் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அடர்ந்து நிற்கும். விதையில் எண்ணெய் உண்டு. அது விளக்குக்கும் சோப்புக்கும் பயன்பட்டு, இப்போது பயோடீசலுக்கும் எடுக்கப்படுகிறது. பிண்ணாக்கு வயலுக்கு உரம், தழை நெல்வயலுக்குப் பசுந்தாள் உரம். குறை என்று சொன்னால், பூவும் சருகும் காயும் மாறிமாறிக் கொட்டும், இலைகளில் முடிச்சு முடிச்சாகச் சிலந்திப்பேன் கொப்புளங்கள் வரும், வேர் ஓடிய இடத்தில் புதுத் தளிர் கிளம்பும். காலிமனை ஓரத்துக்கு இவையெல்லாம் குறையே அல்ல.

மகிழம் அப்படிப்பட்டதல்ல, அதற்குப் பொறுமை வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் இயல்பாக இருப்பது. நல்ல வடிகாலுள்ள ஆழமான மண்ணைக் கேட்கும். முதல் இரண்டு மூன்று கோடைகளுக்குத் தவறாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும், அனல்காற்று நேராக அடிக்கும் இடத்தில் இளங்கன்றுக்கு மறைப்பும் கட்ட வேண்டும். வளர்ச்சியோ மிக மெதுவாக இருக்கும். ஆனால் வேரூன்றிவிட்டால், ஒரே சமயத்தில் மொட்டையாக நிற்பதே இல்லை. குடைபோல உருண்டு திரண்ட தலை, கவாத்துக்கு அடங்கும் கிளை, சுவரையும் குழாயையும் தேடிப் போய்ப் பிளக்காத வேர். விடியலில் உதிர்ந்து கிடக்கும் பூ காய்ந்த பிறகும் மணக்கும். பட்டை பல்பொடியில் சேர்கிறது, பழம் பறவைக்கும் குழந்தைக்கும் ஆகும். திருவண்ணாமலையிலும் திருவொற்றியூரிலும் தலமரம் இதுவே. நம்மாழ்வாருக்கு வகுளாபரணர் என்ற பெயர் வந்ததும் இந்தப் பூமாலையால்தான். வீட்டு வாசலுக்கு இதைவிடப் பொருத்தமான மரத்தை எங்களால் நினைக்க முடியவில்லை.

அந்த மெதுவான வளர்ச்சியைத்தான் நர்சரிக்காரர் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டார். எட்டடி உயரத்தில் மகிழங்கன்று இருப்பதாகவும், மற்ற இடங்களில் இரண்டடிக் கன்றுதான் கிடைக்கும் என்றும், நாங்கள் பல ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். எங்கள் சங்கச் செயலாளர் சந்தேகத்தோடு, "இது மகிழம்தானா?" என்று நேருக்கு நேராகவே கேட்டார். நர்சரிக்காரர் ஓர் இலையைக் கிள்ளினார். காம்பில் வெள்ளைப் பால் துளிர்த்தது. "பால் வருது பாருங்க சார். மகிழத்துக்குப் பால் உண்டு, படிச்சவங்க உங்களுக்குத் தெரியாததா?" என்றார். இலையும் பளபளப்பாக, ஓரம் லேசாக அலைந்து, மகிழத்தின் இலைபோலவே இருந்தது. பிறகு தம் தகப்பனார் காலத்திலிருந்தே கோயில்களுக்குக் கன்று கொடுப்பதாகவும், சாமி மரத்தில் பொய் சொன்னால் தம் குடும்பம் விளங்காது என்றும் சொன்னார். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் நாங்கள் பணத்தை எடுத்தோம். மகிழம் பத்துக்கு 32,000, புங்கன் பத்துக்கு 9,000, நடுகூலியும் எருவும் 5,000, ஆக 46,000 ரூபாய். அதில் ஓய்வூதியம் வாங்கும் மூன்று வீட்டாரின் பங்கும், தையல் வேலை செய்யும் ஓர் அம்மாவின் பங்கும் இருந்தன என்பதை எண்ணும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

ஐப்பசி மழைக்கு முன் நட்டார்கள். சில நாட்களிலேயே 'மகிழம்' இலைகளைக் கொட்டத் தொடங்கியது. கேட்டதற்கு, இடம் மாறினால் எந்த மரமும் அப்படித்தான் என்றார்கள். பிறகு தளிர்த்தது, மகிழத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத வேகத்தில் வளர்ந்தது. கடந்த வாரம் இலைக்கணுக்களில் மிளகைவிடச் சற்றுப் பெரிய உருண்டைக் காய்களைக் கண்டோம். பூக்காமலே காய்த்ததுபோல் இருந்த அதை, தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஓர் உறவினரிடம் காட்டினோம். பார்த்த உடனே சொல்லிவிட்டார்: இது ஆல், அரசு, அத்தி வகையைச் சேர்ந்தது, அலங்காரத்துக்காக மலிவாக விற்கப்படும் பைகஸ் பெஞ்சமினா. அந்த இனத்திலும் பால் வரும், ஆகவே இலையைக் கிள்ளிக் காட்டியது எதையும் நிரூபிக்காது. கிளை நுனியைப் பாருங்கள் என்றார். பைகஸில் நுனிமொட்டை ஒரு கூரான உறை மூடியிருக்கும். அது உதிர்ந்ததும் தண்டைச் சுற்றி மோதிரம்போல் ஒரு தழும்பு நிற்கும். மகிழத்தில் உறையும் இல்லை, தழும்பும் இல்லை. இளநுனியில் துருநிறத்தில் மெல்லிய மயிர்ப்படலம்தான் இருக்கும். இதை அறிந்த ஒருவர் உடன் வந்திருந்தால் கடைவாசலிலேயே விஷயம் முடிந்திருக்கும். இதை நன்றாக அறிந்த ஒருவர்தான் எங்களுக்கு இலையைக் கிள்ளிக் காட்டினார்.

இது வெறும் பெயர் மாற்றம் அன்று. குழாயையும் சுவரையும் காப்பதற்காக நாங்கள் தேடித் தேடி எடுத்த மரத்துக்குப் பதிலாக, வேரால் கால்வாயையும் தண்ணீர்த் தொட்டியையும் பிளப்பதற்குப் பேர்போன மரத்தை, எங்கள் வீடுகளின் அடித்தளத்துக்கு அருகே எங்கள் செலவிலேயே நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இனி அவற்றைத் தோண்டி எடுக்கும் கூலியும் எங்கள் தலையில்தான்.

புங்கன் மட்டும் உண்மையான புங்கன்தான். ஆனால் பத்தில் நான்கு பங்குனி முடிந்தும் தளிர்க்கவில்லை. ஒன்று சாதாரணக் காற்றுக்கே சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால், ஆணிவேர் கீழே இறங்காமல் பை இருந்த வடிவிலேயே பிரிமணைபோல் சுருண்டு கிடக்கிறது. நெடுங்காலம் சிறு பையிலேயே வைத்திருந்த கன்றைக் கடைசி நேரத்தில் பெரிய பைக்கு மாற்றி, புதுமண் போட்டு விற்றிருக்கிறார்கள். எந்த மண்ணிலும் பிழைக்கும் மரத்தையே சாகும்படி செய்து விற்ற பெருமை அந்த நர்சரியைச் சேரும்.

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குக் கை நடுங்குகிறது. தொலைபேசியில் முதலில், முதலாளி ஊரில் இல்லை. அடுத்து, கன்று வாங்கும் பயணத்தில் இருக்கிறார். அதன்பின் எங்கள் எண்களிலிருந்து அழைத்தால் அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நேரில் போனபோது அவர் அங்கேயேதான் இருந்தார். "மகிழத்திலே பல ரகம் இருக்கு சார், இது வெளிநாட்டு மகிழம்" என்றார். காய்களைக் காட்டியதும் பேச்சு மாறியது: ரசீதில் 'மரக்கன்று 20' என்றுதானே இருக்கிறது, மகிழம் என்று எங்கே எழுதியிருக்கிறோம்? ஓராண்டுப் பராமரிப்பு என்ன ஆயிற்று என்றால், அது தண்ணீர் ஊற்றுவதற்குத்தான், கன்று சாவதற்கு இல்லையாம். கடைசியில் பெரிய மனது வைப்பவர்போல், குரோட்டன்ஸ் செடிகள் கொஞ்சம் இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். 46,000 ரூபாய்க்கு ஈடாகக் குரோட்டன்ஸ்! எங்களுடன் வந்த அந்தத் தையல்கார அம்மா, "தம்பி, குடும்பம் விளங்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டார். அவர் பதில் சொல்லாமல் வேறு வாடிக்கையாளரிடம் போய்விட்டார். அங்கேயும் ஓர் இலையைத்தான் கிள்ளிக்கொண்டிருந்தார்.

மரம் தேர்வதற்கு விரிவான வழிகாட்டி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு மனம் ஓடவில்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். உயரமான மகிழம் மலிவாகக் கிடைக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். இலையைக் கிள்ளிக் காட்டினால் கிளை நுனியையும் தழும்பையும் காட்டச் சொல்லுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு பையைக் கிழித்து வேரைப் பாருங்கள். சுருண்டிருந்தால் அந்தத் தொகுதியே வேண்டாம். வனத்துறை நாற்றங்காலில் கிடைக்கும் சிறு புங்கங்கன்று, பையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த பெரிய கன்றைவிட நன்றாக வேர் பிடிக்கும். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு அங்கே கட்டணம் கிடையாது. நாங்கள் அறிவிப்புக் கடிதம் அனுப்பிவிட்டோம். ரசீதில் மரத்தின் பெயர், அதன் தாவரவியல் பெயர், உயரம், எண்ணிக்கை, செத்தால் மாற்றித் தரும் காலம் ஆகிய அனைத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.