குழந்தைக்கு ஜிபிஎஸ் வாட்ச்: ஐந்து மாத அனுபவம்

மகளுக்கு எட்டு வயது முடிந்ததும் கையில் கட்டும் ஜிபிஎஸ் வாட்ச் ஒன்று வாங்கினோம், சிம் போட்டு அவளே போன் பேசக்கூடிய வகை. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போன் பேசத்தான் என்றால் தாராளமாக வாங்குங்கள், பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று நிமிடத்துக்கு நிமிடம் பார்க்கத்தான் என்றால் காசு கொடுத்துக் கவலையை வாங்குகிற கதை.

வாங்கிய காரணத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் நடந்துவிடவில்லை. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள் இரவு, பள்ளி வாசலில் வெள்ளை வேன் ஒன்று சுற்றுகிறது என்று செய்தி வந்தது, யார் பார்த்தது, எந்தப் பள்ளி, எந்தத் தேதி, எதுவும் கிடையாது. பிறந்து வளர்ந்த இடமாக இருந்தால் நாலு பேரிடம் விசாரித்து, அட இது போன வருஷமும் சுற்றிய புரளிதானே என்று விட்டிருப்போம். வெளிநாட்டில் யாரை விசாரிப்பது? உள்ளூர்ச் செய்தித்தாளைப் படிக்கும் அளவுக்கு எனக்கு மொழி வராது, தெருவில் சைரன் கேட்டால் அது போலீஸா ஆம்புலன்ஸா என்றுகூடப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆர்டர் போட்டுவிட்டுத்தான் படுத்தேன்.

ஆப்பை நிறுவியதும் அவசர எண்கள் மூன்று கேட்டது. முதலாவது என்னுடையது, இரண்டாவது கணவருடையது. மூன்றாவது கட்டம் காலியாக மின்னிக்கொண்டே இருந்தது. அம்மாவின் எண்ணைப் போடலாமா என்றுகூட ஒரு நொடி யோசித்தேன், கடல் தாண்டி இருக்கிறவரால் என்ன செய்ய முடியும்? பிறகு நிரப்பலாம் என்று தாண்டிப் போய்விட்டேன்.

இடம் காட்டுவதில் திறந்தவெளி என்றால் குறை சொல்ல முடியாது. ஆனால் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால்தான் ஜிபிஎஸ் இடத்தைச் சரியாகக் கணக்கிடும், கட்டடத்துக்குள் போனதும் சிக்னல் மங்கிவிடும், அப்புறம் பக்கத்து வைஃபையையும் செல்போன் கோபுரத்தையும் வைத்துக் குத்துமதிப்பாக ஒரு புள்ளி வைக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாத இரண்டாவது வாரத்தில், ஒரு புதன்கிழமை மாலை மூன்றே முக்காலுக்கு, புள்ளி ரயில் தண்டவாளத்தின் நடுவில் நின்றது. போன் போட்டால் எடுக்கவில்லை. ஸ்வெட்டரை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு ஓடினேன். அவள் பள்ளிக் கட்டடத்தின் அடித்தள நூலகத்தில் உட்கார்ந்து டைனோசர் வரைந்துகொண்டிருந்தாள். "ஏம்மா அதுக்குள்ள வந்துட்ட, இன்னும் வாலே வரையல" என்றாள்.

ஆப்பில் உள்ள வரைபடத்தில் பள்ளியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்தால் அதைத் தாண்டும்போது அறிவிப்பு வரும். சின்ன வட்டமாகப் போடாதீர்கள், புள்ளி தானாகவே வெளியே குதித்து ஒரு நாளைக்கு நாலு முறை நெஞ்சை அடைக்க வைக்கும்.

அடுத்தது அந்தக் கேட்கும் வசதி. ஆப்பில் ஒரு பட்டனை அழுத்தினால் வாட்ச் சத்தமில்லாமல் நம் போனுக்கு அழைக்கும், அங்கே பேசுவது எல்லாம் இங்கே கேட்கும், பிள்ளைக்குத் தெரியாது. நானும் ஒரு தடவை அழுத்தினேன். என் மகள் குரலே கேட்கவில்லை. வேறு யாரோ ஒரு குழந்தை விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தது, டீச்சர் தாழ்ந்த குரலில் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தையின் அம்மாவுக்குக்கூடத் தெரியாத விஷயத்தை நான் சமையலறையில் நின்று கேட்கிறேன். உடனே வைத்துவிட்டேன். பிறகு தேடிப் படித்தால், ஜெர்மனி 2017 நவம்பரிலேயே இப்படி ஒட்டுக்கேட்கும் குழந்தை வாட்ச்களுக்குத் தடை போட்டிருக்கிறது, வாங்கியவர்கள் அதை அழித்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. அதற்கு முந்தைய மாதம் நார்வேயின் நுகர்வோர் அமைப்பு சில வாட்ச்களைச் சோதித்து, அந்நியர்கள் உள்ளே புகுந்து குழந்தை இருக்கும் இடத்தைப் பார்க்க முடிகிறது என்று அறிக்கை விட்டது. எங்கள் வாட்சுக்கு வந்த பாஸ்வேர்ட் என்ன தெரியுமா, 123456. யாருக்குப் பயந்து வாங்கினேனோ அவனுக்கே வாசல் திறந்து வைத்த மாதிரி. வாங்கினால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

அவசரத்துக்கு அழுத்தும் எஸ்ஓஎஸ் பட்டனைப் பற்றிப் பலருக்கும் தவறான நினைப்பு இருக்கிறது. எங்கள் மாடலில் அது போலீஸுக்குப் போகாது, நாம் கொடுத்த மூன்று எண்களை வரிசையாக அழைக்கும், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000, எங்கே இருக்கிறீர்களோ அதைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். வீட்டு முகவரியை உள்ளூர் மொழியில் திணறாமல் சொல்லவும் பழக்க வேண்டும். எங்கள் தெருப் பெயரை என்னைவிட அவள்தான் சரியாக உச்சரிக்கிறாள், அது வேறு விஷயம்.

இன்னொன்று. வாங்கும்போது என் மனதில் இருந்தது அந்த வேன்காரன். ஆனால் குழந்தைகளிடம் தவறாக நடப்பவர்களில் பெரும்பாலோர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். அந்த மாதிரி நேரத்தில் ஜிபிஎஸ் புள்ளி 'தெரிந்தவர் வீடு' என்று மிகச் சரியாகக் காட்டும், நாமும் நிம்மதியாக ஆப்பை மூடிவிடுவோம். எது நடந்தாலும் அம்மாவிடம் சொல்லலாம், திட்டு விழாது என்ற தைரியத்தை நாம்தான் கொடுக்க வேண்டும், அதற்கு வாட்சில் பட்டன் கிடையாது.

பழைய மாடல் மலிவாகக் கிடைக்கிறதே என்று 2ஜி, 3ஜி வாட்ச் வாங்கிவிடாதீர்கள். அமெரிக்காவில் 2022-லேயே 3ஜி சேவையை மூடிவிட்டார்கள், ஆஸ்திரேலியாவில் 2024-ல். உங்கள் நாட்டு நெட்வொர்க்கில் 4ஜி குரல் அழைப்பு அந்த வாட்சில் வேலை செய்யுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சார்ஜ் ஒரு நாள் தாங்கும், இடத்தை அடிக்கடி புதுப்பிக்கச் சொன்னால் அதுவும் தாங்காது.

மூன்றாவது கட்டம் இரண்டு மாதம் காலியாகவே கிடந்தது. வகுப்புத் தோழியின் அம்மா ஒருவரைப் பள்ளி வாசலில் தினமும் பார்ப்பேன், சிரிப்போம், அத்தோடு சரி. ஒரு நாள் துணிந்து, எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில், உங்கள் எண்ணை மகளின் வாட்சில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் உடனே போனை எடுத்து, என் எண்ணையும் வாங்கிக்கொண்டார். அவரும் வேறு நாட்டிலிருந்து வந்தவராம், அவர் மகளுக்கும் அவசரத்துக்குக் கொடுக்க மூன்றாவது ஆள் இல்லையாம். அந்த வேன் செய்தியைப் பற்றிக் கேட்டால், போன வருஷமும் இதே படத்தோடு வந்தது என்கிறார்.

போன மாதம் மகள் தவறான பஸ்ஸில் ஏறிவிட்டாள். நானும் கணவரும் மீட்டிங்கில், இருவருமே எடுக்கவில்லை. மூன்றாவது எண் எடுத்தது, நான் போனைப் பார்ப்பதற்குள் மகளும் தோழியும் அவர் வீட்டில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அன்று புள்ளி எங்கே காட்டியது என்று நான் பார்க்கவே இல்லை.

ஸ்ட்ராப் மட்டும் மட்டம், நாலாவது மாதமே அறுந்துவிட்டது.