ஹெப்பெஸ் பஃபர், 1 மோலார், 100 மி.லி. பாட்டில்: 5க்கு 4

ஹெப்பெஸ் என்பது, செல் வளர்க்கும் திரவத்தின் பிஎச் (அமில, கார அளவு) மாறாமல் பிடித்து வைக்கும் பஃபர். எட்டு மாதமாகப் பயன்படுத்துகிறேன். செல்கள் நகர்வதைப் படம் பிடிக்கிற லேபில் இந்தப் பாட்டில் கட்டாயம் இருக்க வேண்டும்.

நான் மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) செல்களைக் கொலாஜன் பூசிய தட்டில் வளர்த்து, ஆறு மணி நேரம் தொடர்ந்து படம் எடுக்கிறேன். எங்கள் மைக்ரோஸ்கோப்பில் கார்பன் டை ஆக்சைடு வசதி கிடையாது. வழக்கமான மீடியத்தில் (செல் வளர்க்கும் திரவத்தில்) இருக்கும் பைகார்பனேட், செல் வளர்க்கும் பெட்டியான இன்குபேட்டரின் 5% கார்பன் டை ஆக்சைடு இருந்தால்தான் பிஎச்சை 7.4 பக்கம் பிடித்து வைக்கும். வெளியே எடுத்தால் வாயு பறந்து மீடியம் காரமாகிவிடும். முதல் தடவை, பிஎச்சைக் காட்ட மீடியத்தில் கலந்திருக்கும் ஃபீனால் ரெட் என்ற சாயம் கத்தரிப்பூ நிறத்துக்கே போய்விட்டது, விசிறி மாதிரி விரிந்திருந்த செல்களின் முன்விளிம்பு சுருங்கி, ஒவ்வொன்றாக உருண்டு, தட்டை லேசாக ஆட்டினாலே கழன்று மிதந்தன. செல்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து, உறைநிலையில் இருந்த புதுச் செல் குப்பியை உருக்கி வளர்த்து, இரண்டு வாரம் போனது.

அப்புறம்தான் 500 மி.லி. மீடியத்துக்கு 12.5 மி.லி. இதைச் சேர்த்தோம், கிட்டத்தட்ட 25 மில்லிமோலார். ஆறு மணி நேரமும் நிறம் மாறவில்லை, செல்களும் நன்றாக நகர்ந்தன.

பிஎச் கொஞ்சம் மாறினால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு: மெலனோமா செல் 7.0 பக்கத்தில்தான் வேகமாக ஓடும். 6.6க்கு இறக்கினால் தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நகராது, 7.5க்கு ஏற்றினால் பிடியே தளர்ந்துவிடும். ஓட வேண்டுமென்றால் பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்.

ஒரு மதிப்பெண் குறைத்தது லேபிளுக்காக. பிஎச் அளவு 25 டிகிரிக்கானது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஹெப்பெஸ் சூடேறினால் பிஎச் இறங்கும், டிகிரிக்குச் சுமார் 0.014. அறை வெப்பத்தில் 7.0 வைத்துவிட்டு 37 டிகிரிக்குக் கொண்டுபோனால் உங்கள் தட்டு 6.8 பக்கம் நிற்கும், நீங்கள் நோட்டில் 7.0 என்றுதான் எழுதியிருப்பீர்கள்! மீடியத்தை 37க்குச் சூடாக்கி, மீட்டரையும் அதே வெப்பத்தில் சரிபார்த்து, அதற்குப் பிறகு பிஎச் வையுங்கள்.

நல்லதுதானே என்று அளவைக் கூட்டவும் வேண்டாம். நகரும் செல் தன் முன்பக்கத்தில் என்எச்இ1 என்ற புரதம் வழியாக, சோடியத்தை உள்ளே விட்டு, அமிலத்தன்மை தரும் புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது, அதனால் முன்பக்கத்தை ஒட்டிய இடம் பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் அமிலமாக இருக்கும். பஃபர் கூடினால் அந்தச் சின்ன வித்தியாசமும் கரைந்துபோகும். நான் இப்போது 10 மில்லிமோலாரிலும் ஒரு தட்டு கூடவே ஓட்டுகிறேன்.

இன்னொன்று, ஹெப்பெஸ் கலந்த மீடியத்தை ஹூட் (கிருமி படாமல் வேலை செய்யும் மேடை) விளக்கடியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மீடியத்தில் இருக்கும் ரைபோஃபிளேவினோடு (வைட்டமின் பி2) சேர்ந்து வெளிச்சத்தில், செல்களுக்கு நஞ்சான ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். நாங்கள் பாட்டிலில் ஃபாயில் சுற்றி வைக்கிறோம்.