சிலிண்டர், ரெலிபோன், திசைகாட்டி, சங்கு: யாழ்ப்பாணத்து வோட்டு ஒண்டின்ர கணக்கு

இது 2024 ஜனாதிபதித் தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முதல் எழுதினது. வாற சனிக்கிழமை, 2024 செப்டம்பர் 21, இலங்கையில ஜனாதிபதித் தேர்தல். 38 பேர் கேக்கினம், ஆனா இஞ்ச சனம் கதைக்கிறது நாலு சின்னத்தைப் பற்றித்தான். இப்ப ஜனாதிபதியா இருக்கிற ரணிலின்ர சிலிண்டர், எதிர்க்கட்சித் தலைவர் சஜித்தின்ர ரெலிபோன், ஜேவிபித் தலைவர் அநுரவின்ர திசைகாட்டி, தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன்ர சங்கு. நாமல் ராஜபக்சவின்ர மொட்டைப் பற்றி யாழ்ப்பாணத்தில கதைக்க ஒண்டுமில்லை, அந்தக் குடும்பத்தை நாங்கள் தேவைக்கு மிஞ்சியே பாத்திட்டம். அஞ்சாவதா இன்னொண்டும் இருக்கு, வோட்டுப் போடப் போகாமல் வீட்டில இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் பாக்கவேணும். எங்கட வீட்டிலயே அம்மா சிலிண்டர், தம்பி திசைகாட்டி, சித்தப்பா சங்கு. சாப்பாட்டு நேரம் ரேடியோவை நிப்பாட்டினாலும் தேர்தல் நிக்குதில்லை.

முதல்ல காசுப் பிரச்சினை. இதில போட்டி ரணிலுக்கும் அநுரவுக்கும்தான். அம்மாவின்ர நியாயம் சிம்பிள், 2022இல பெற்றோல் லீற்றர் 470 ரூபா வரைக்கும் போச்சுது, காஸுக்கு லைன், பால்மாவுக்கு லைன், இரவில கரண்ட் இல்லை, இந்த மனுசன் வந்தாப்பிறகு லைன் இல்லை, அவ்வளவுதான். அதை இல்லையெண்டு சொல்ல ஏலாது. ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) 2.9 பில்லியன் டொலர் கடனுக்கு 2023 மார்ச்சில ஓம் சொன்னதும் இவர் காலத்திலதான். ஆனா லைன் இல்லாமல் போனதுக்கு ஒரு பாதிக் காரணம் சனத்திட்ட வாங்கக் காசு இல்லாமல் போனது எண்டது என்ர எண்ணம். வற் வரி இந்த வருசம் ஜனவரியில 15இல இருந்து 18 வீதமாச்சுது. 87 ரூபாவா இருந்த மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்டில ஒரே அடியா 340க்குப் போச்சுது, அது கொழும்பில இருக்கிற ஆக்களுக்கு வெறும் செய்தி, மயிலிட்டியிலயும் குருநகரிலயும் சின்ன எஞ்சின் வைச்சு மீன்பிடித் தொழில் செய்யிறவைக்கு அடுப்பே அணைஞ்ச மாதிரி. பணவீக்கம் குறைஞ்சிட்டுது எண்டு ரீவியில சொல்லேக்க விலை இறங்கினமாதிரி நினைக்கிறம், இறங்கேல்ல, ஏறுற வேகம்தான் குறைஞ்சது.

இன்னொண்டு, ரணிலை நாங்கள் ஆரும் வோட்டுப் போட்டு ஜனாதிபதியாத் தெரிவுசெய்யேல்ல. 2022 ஜூலையில பாராளுமன்றத்தில 134 பேர் போட்ட வோட்டு அது, அதில பெரும்பங்கு மொட்டு. போன வருசம் மார்ச் 9 நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் காசில்லையெண்ட கதையோட நடக்காமலே போச்சுது, அது அடிப்படை உரிமை மீறல் எண்டு உயர்நீதிமன்றம் போன மாசம்தான் தீர்ப்புச் சொன்னது. தேர்தலை வைக்காத ஒராள் வந்து தேர்தலில எனக்குப் போடுங்கோ எண்டு கேக்கேக்க கொஞ்சம் சிரிப்பு வராதோ?

அநுரவிட்ட இந்தப் பழைய கணக்கு ஒண்டும் இல்லை, அதுதான் அவற்ற பலம். ஆண்டதில்லை, களவெடுக்கச் சந்தர்ப்பம் கிடைக்கேல்ல எண்டு சித்தப்பா சொல்லுவார், ஆனா தம்பிக்கு அது போதும். 2019இல 3 வீதம் எடுத்த மனுசனுக்கு இப்ப தெற்கில கூட்டம் கூட்டமாச் சனம் போகுது எண்டால், 2022 அரகலயப் போராட்டத்தில ஜனாதிபதி கோட்டாவைத் (கோட்டாபய ராஜபக்ச) துரத்தின கோபம் இன்னும் ஆறேல்ல எண்டுதான் அர்த்தம். ஐஎம்எஃப்ஐ விட்டு ஓடமாட்டம், திருப்பிக் கதைப்பம் எண்டினம். ஊழல், வீண்செலவு, எம்பிமாரின்ர சலுகை எல்லாத்துக்கும் நல்லாக் கதைக்கினம். எனக்கும் கேக்க ஆசையாத்தான் இருக்கு.

ஆனா ஜேவிபியை யாழ்ப்பாணத்தில பாக்கிற கண் வேற. 2005இல சுனாமி நிவாரணத்தை அரசாங்கமும் புலிகளும் சேர்ந்து பங்கிட எண்டு கொண்டுவந்த பொதுக்கட்டமைப்பை எதிர்த்து அரசாங்கத்தை விட்டு வெளியில வந்து கோர்ட்டுக்குப் போனது ஆர்? வடக்கையும் கிழக்கையும் பிரிக்கச்சொல்லிப் போட்ட வழக்கு ஆற்ற? 2006 ஒக்டோபரில தீர்ப்பு வந்து இணைப்பு அறுந்தது. இது ஒண்டும் ஜேவிபி கிளர்ச்சி செய்த 71ஆம் ஆண்டுக் கதையில்லை, சந்திரிகாவின்ர அந்த அரசாங்கத்தில அநுரவே விவசாய அமைச்சரா இருந்தவர். தம்பிக்கு அப்ப பல்லு முளைச்சிருக்காது, அதால "உங்களுக்கு எப்பவும் பழங்கதை" எண்டுறான். இப்ப அவை மாகாணசபைத் தேர்தலை ஒரு வருசத்துக்குள்ள வைப்பம், புது அரசியலமைப்புக் கொண்டுவருவம் எண்டு எழுதியிருக்கினம். வடமாகாணசபை 2018 ஒக்டோபரில முடிஞ்சு ஆறு வருசமா ஆளில்லாமல் கிடக்கு, அதை மட்டும் செய்தாலே பெரிய காரியம். என்ர பயம் என்னெண்டால், நாட்டில இருக்கிற ஒரே வியாதி களவுதான், களவை நிப்பாட்டினால் தமிழன்ர பிரச்சினையும் தானாத் தீரும் எண்டு இவை மனசார நம்பினம் போலத்தான் கிடக்கு. ஏமாத்துறவனோட பேரம் பேசலாம், நம்பிச் சொல்லுறவனோட என்னத்தைப் பேசுறது.

ரெலிபோனுக்கு வருவம். 2019இல யாழ்ப்பாண மாவட்டத்தில விழுந்த வோட்டில 80 வீதத்துக்கு மேல சஜித்துக்குத்தான் விழுந்தது, அது அவரில இருந்த ஆசையில இல்லை, கோட்டாவில இருந்த பயத்தில. இந்தமுறை அந்தப் பயம் இல்லை, அப்ப மிச்சமா இருக்கிற சஜித் ஆர்? பள்ளிக்கூடங்களுக்கு பஸ் குடுக்கிறார், ஸ்மார்ட் வகுப்பறை குடுக்கிறார், நல்லம். 2022 மேயில நாடு எரிஞ்சுகொண்டிருக்கேக்க பிரதமர் கதிரைக்கு இழுபட்டுக்கொண்டு நிண்டார், ரணில் போய் இருந்திட்டார், அது நல்லமில்லை. மாகாணசபைக்கு அதிகாரம் குடுக்கிற 13ஆவது திருத்தத்தை முழுசாத் தருவன் எண்டு கிளிநொச்சியில வந்து சொன்னவர். ரணில் பொலிஸ் அதிகாரத்தை விட்டிட்டு மிச்சத்தைப் பாப்பம் எண்டவர், அதோட 75ஆவது சுதந்திர தினத்துக்கு முதல் தீர்வு எண்டும் சொன்னவர், அந்தச் சுதந்திர தினம் வந்து போய் ஒண்டரை வருசத்துக்கு மேல. அப்பிடிப் பாத்தால் பேப்பரில சஜித்தின்ர பக்கம்தான் கூட எழுதிக் கிடக்கு.

சஜித்தில எனக்குப் பிடிச்ச ஒரே விசயம் அவற்ற பலவீனம்தான். மனோ கணேசன், ஹக்கீம், ரிசாட் எண்டு சிறுபான்மைக் கட்சியள் அவரோட நிக்குது, எங்கட வோட்டு இல்லாமல் அவரால வெல்ல ஏலாது, அது அவருக்கும் தெரியும். அதை வைச்சு ஏதாவது எழுத்தில வாங்கலாம். ஆனா தமிழரசுக் கட்சி செப்டம்பர் 1 வவுனியாவில கூடி அவருக்கு ஆதரவு எண்டு முடிவெடுத்தது, சுமந்திரன் அதை அறிவிச்சார், அதே கட்சி எம்பி சிறீதரன் சங்குக்கு ஆதரவு கேக்கிறார். ஒரு கட்சிக்குள்ளயே ரெண்டு சின்னம். எதை எழுத்தில வாங்கிறது, ஆர் வாங்கிறது?

காணி விசயத்தில மூண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில வைச்சுப் பாத்தன், வித்தியாசம் பெரிசாத் தெரியேல்ல. தையிட்டியில சனத்தின்ர உறுதிக் காணியில விகாரை எழும்பி நிக்குது. குருந்தூர்மலையில விகாரை கட்டின வழக்கைப் பாத்த முல்லைத்தீவு நீதிபதி போன வருசம் மிரட்டல் எண்டு சொல்லி வேலையை விட்டிட்டு நாட்டை விட்டே போனவர். காணாமல் போன பிள்ளையளைத் தேடுற தாய்மார் கிளிநொச்சியில 2017 பெப்ரவரியில இருந்து போராடுகினம். இதுகளில நேராப் பேரைச் சொல்லி, இன்னதைச் செய்வன் எண்டு மூண்டு பேரில ஒராளும் சொன்னதா நான் கேக்கேல்ல. தெற்கு வோட்டுப் போயிடும் எண்ட பயம் மூண்டு பேருக்கும் ஒரே அளவு.

அதுதான் சங்குக்கு வோட்டு. அரியநேத்திரன் மட்டக்களப்பு ஆள், வெல்லப்போறதில்லை எண்டு அவரே சொல்லுறார், வடக்குக் கிழக்குச் சேர்ந்து என்ன கேக்குது எண்டு எண்ணிக் காட்டத்தான் நிக்கிறன் எண்டுறார். புது யோசனையில்லை, 1982இல குமார் பொன்னம்பலம் நிண்டு ஒண்டே முக்கால் லட்சத்துக்குக் கிட்ட எடுத்தவர். பிறகு சிவாஜிலிங்கம் நிண்டு சனம் திரும்பியே பாக்கேல்ல. எனக்குள்ள கவலை இதுதான், கட்சியள் இப்பிடிப் பிரிஞ்சு நிக்கேக்க சங்குக்கு குறைய விழுந்தால், பாத்தீங்களோ தமிழர் தீர்வு கேக்கேல்ல, வேலையும் றோட்டும்தான் கேக்கினம் எண்டு கொழும்பில ஒரு பத்து வருசத்துக்குச் சொல்லிக்கொண்டு திரிவாங்கள்.

தமிழ்த் தேசிய மக்கள் முன்னணிக் கஜேந்திரகுமார் ஆக்கள் சொல்லுற பகிஷ்கரிப்பு அதைவிட எனக்கு ஒத்துவரேல்ல. எல்லாரும் ஒற்றையாட்சிக்குள்ளதான் நிக்கினம், அதுக்கு ஏன் வோட்டு எண்டு கேக்கிறது கொள்கையாச் சரிதான். ஆனா இடாப்பில பேர் இருக்கிற கனபேர் கனடாவிலயும் பிரான்சிலயும், மிச்சத்தில கொஞ்சப்பேர் பஞ்சியில வராதவை, இதுக்குள்ள கொள்கைக்காக வராதவன் ஆர் எண்டு எவன் எண்ணப்போறான்? 2005 ஜனாதிபதித் தேர்தலைப் பகிஷ்கரிச்சு யாழ்ப்பாணத்தில ஒரு வீதத்துக்குச் சொச்சம்தான் வோட்டு விழுந்தது, மகிந்த ஒண்டே முக்கால் லட்சத்துச் சொச்ச வித்தியாசத்தில வெண்டார். அதுக்குப் பிறகு நடந்ததை நான் எழுதத்தேவையில்லை.

இனி ஒருத்தரும் மேடையில வடிவாச் சொல்லாத விசயத்துக்கு வாறன். எல்லாக் கட்சியும் எங்களுக்குப் புள்ளடி (X) போடுங்கோ எண்டுதான் கேக்குது. ஆனா வாக்குச்சீட்டில 1, 2, 3 எண்டு மூண்டு பேருக்கு விருப்புப் போடலாம். ஆருக்கும் பாதிக்கு மேல வராட்டில் முதல் ரெண்டு பேரை வைச்சுக்கொண்டு மிச்ச ஆக்களைக் கழிச்சு, கழிஞ்சவைக்கு விழுந்த சீட்டுகளில 2ஐப் பாப்பினம், அதுவும் கழிஞ்ச ஆள் எண்டால் 3ஐப் பாப்பினம். 1982இல இருந்து எட்டுத் தேர்தலிலயும் முதல் எண்ணிக்கையிலயே ஆரோ பாதியைத் தாண்டினதால ஒருக்காலும் இதுக்குத் தேவை வரேல்ல, சனமும் மறந்துபோச்சுது. இந்தமுறை மும்முனைப் போட்டி, வரக்கூடும்.

அப்ப கணக்கு என்னெண்டால், சங்குக்கு 1 போட்டிட்டு 2ஐயும் 3ஐயும் அந்த மூண்டு பெரியாக்களில ரெண்டு பேருக்குப் போட்டால், அந்த மூண்டில எந்த ரெண்டு பேர் மிஞ்சினாலும் உங்கட ரெண்டில ஒராள் கட்டாயம் அதுக்குள்ள இருப்பார். தமிழன் என்ன கேக்கிறான் எண்டதும் எண்ணுப்படும், ஆர் ஆளவேணும் எண்டதும் எண்ணுப்படும். சங்குக்குப் போட்டால் வோட்டு வீண் எண்டு தமிழரசு சொல்லுறதும், பெரியாக்களுக்கு ஒண்டும் போடாதேங்கோ எண்டு சங்குக்காரரில சிலபேர் சொல்லுறதும் ரெண்டுமே எனக்குச் சரியாப் படேல்ல.

நான் சங்குக்கு 1, சஜித்துக்கு 2, அநுரவுக்கு 3. தேர்தலைத் தள்ளிப்போட்ட ஆளுக்கு மட்டும் என்னட்ட ஒரு நம்பரும் இல்லை. நீங்கள் வேற மாதிரிப் போடுங்கோ, பரவாயில்லை, ஆனா புள்ளடியையும் நம்பரையும் கலந்து போட்டு சீட்டைப் பழுதாக்காதேங்கோ. காலம 7 மணியில இருந்து பின்னேரம் 4 மணி மட்டும், அடையாள அட்டையை மறக்காமக் கொண்டுபோங்கோ.