அம்பாசமுத்திரம் நடைவண்டியும் ஓர் ஓலைப்பெட்டிச் சொப்பும்

நடைவண்டியை யோசிக்காமல் வாங்கலாம், சொப்புப் பெட்டியைக் கொஞ்சம் பார்த்து வாங்க வேண்டும். முழுசாகப் படிக்க நேரமில்லாதவர்களுக்கு இவ்வளவுதான். இரண்டும் எங்கள் வீட்டில் ஒன்றரை வருஷமாக அடி வாங்கிக்கொண்டிருக்கின்றன. மூத்தவளுக்கு இப்போது ஐந்து வயசு, இளையவனுக்கு இரண்டே கால்.

மூத்தவளுக்கு நடைவண்டி வாங்கவில்லை. பரிசாக வந்த வாக்கர்தான், நடுவில் துணி இருக்கை, சுற்றிலும் பிளாஸ்டிக் வளையம், முன்னால் பாட்டுப் பாடுகிற தட்டு. அவளை அதில் உட்கார வைத்துவிட்டு நான் நிம்மதியாகத் தோசை ஊற்றலாம், அதனால் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எங்களுடையது பாளையங்கோட்டையில் பழைய வீடு, பட்டாசலுக்கும் (கூடம்) தார்சாவுக்கும் (தாழ்வாரம்) நடுவே ஒரு படி உண்டு. ஒருநாள் குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் வாக்கரோடு அந்தப் படியில் தலைகுப்புற விழுந்தாள். நெற்றியில் இரண்டு தையல். தையல் போட்ட டாக்டரம்மா திட்டவில்லை, "கனடாவுல இதை விக்கவே கூடாதும்மா" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் நிஜம்தான், 2004-லேயே தடை போட்டுவிட்டார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் அங்கே தடை வேண்டும் என்று கேட்டிருக்கிறது. சக்கரத்தில் இருக்கிற பிள்ளை படிக்கட்டுக்கும் அடுப்புக்கும் தண்ணீர் வாளிக்கும் நாம் எட்டிப் பிடிப்பதற்கு முன்னால் போய்விடுகிறது. போதாக்குறைக்கு, வாக்கர் சீக்கிரம் நடக்கவும் வைப்பதில்லை. நுனிக்காலால் உந்துகிற பழக்கம்தான் வருகிறது.

இளையவன் சுவரைப் பிடித்து எழும்ப ஆரம்பித்ததும் அத்தை, "பேசாம அம்பைக்குப் போயி ஒரு நடைவண்டி வாங்கிட்டு வா" என்றார். திருநெல்வேலி ஜங்ஷனில் செங்கோட்டை ரயில் ஏறினால் சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அப்புறம் ஆற்றுப் பாலம், அம்பை என்கிற அம்பாசமுத்திரம் வந்துவிடும். கடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, முன்னால் நாலு தட்டு, பின்னால் கடைசல் பட்டறை. கடைக்கார அண்ணாச்சி விலையைச் சொல்வதற்கு முன்னால், "பிள்ளை பிடிக்காம நிக்கானா?" என்று கேட்டார்.

"சுவரைப் பிடிச்சுத்தான் நிக்கான், அண்ணாச்சி."

"அப்போ வாங்கிட்டுப் போங்க, ஆனா இப்பக் குடுக்காதீங்க. ஒரு மாசம் போகட்டும்."

சரக்கை விற்றுக்கொண்டே கொடுக்காதே என்று சொன்ன ஒரே கடைக்காரர் இவர்தான். அவர் சொன்னதை நான் கேட்கவில்லை, அதையும் சொல்கிறேன்.

பட்டறையில் ஒரு குடம் கடைந்துகொண்டிருந்தார்கள். சுழலுகிற கட்டையில் சிவப்பு அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள், உரசுகிற சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் பிடித்துக்கொள்கிறது, மேலே தாழை ஓலையை வைத்துத் தேய்த்ததும் பளபளவென்று ஆகிவிட்டது. பிரஷ்ஷும் இல்லை, காயப் போடுகிற வேலையும் இல்லை. பக்கத்துத் தட்டில் பெயின்ட் அடித்த மலிவுச் சரக்கும் இருந்தது, தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஈரத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், சாயம் துணியில் ஒட்டினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், எப்படியும் கடைசியில் அது பிள்ளையின் வாய்க்குத்தான் போகப்போகிறது. இன்னொன்று, 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், ஆனால் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்வதற்கு விலக்கு உண்டு. ஆகவே இங்கே முத்திரையைத் தேடிப் பிரயோஜனமில்லை, நம் கண்ணையும் விரலையும்தான் நம்ப வேண்டும். நான் பிடிக்கட்டை முழுக்க விரலை ஓட்டிச் சிராய் இருக்கிறதா என்று பார்த்தேன், ஒவ்வொரு சக்கரத்தையும் இழுத்துப் பார்த்தேன். ஒன்றில் கடையாணி ஆடியது, அங்கேயே அடித்துக் கொடுத்தார்.

இனி குறைகள். முதல் குறை, வண்டி ரொம்ப லேசு. ஆசையை அடக்க முடியாமல் அன்று சாயங்காலமே கொடுத்துவிட்டேன், அவன் உட்கார்ந்தபடி பிடிக்கட்டையைப் பிடித்து எழும்பப் பார்த்தான், வண்டி அப்படியே அவன்மேல் சாய்ந்தது. நல்லவேளை, பின்னால் பாய் விரித்திருந்தது. அண்ணாச்சி ஒரு மாசம் என்று சொன்ன காரணம் அப்போதுதான் புரிந்தது. எடுத்துப் பரணில் போட்டுவிட்டு, ஐந்து வாரம் கழித்து, அடிக்கட்டையில் அரைச் செங்கலைத் துணி சுற்றிக் கட்டிக் கொடுத்தோம். அப்புறம் சாயவில்லை. இரண்டாவது, டைல்ஸ் தரையில் பிடித்தால் நிற்காமல் ஓடுகிறது. வீட்டுக்காரர் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிச் சக்கரத்தில் மாட்டினார், ஓட்டமும் குறைந்தது, மத்தியானம் கடகடவென்று வீடே அதிர்வதும் குறைந்தது. நாங்கள் அதிகமாக ஓட விட்டது புறவாசல் மண்ணில்தான்.

மூன்றாவதைக் குறை என்று சொல்வதா என்று தெரியவில்லை. இந்த வண்டிக்கு வளையத் தெரியாது. நேரே போகும், சுவரில் முட்டும், நிற்கும், அவன் கத்துவான். நான் ஓடிப்போய்த் திருப்பிவிடுவேன், மறுபடி எதிர்ச்சுவர், மறுபடி கத்தல். நாலு நாள் இதே பிழைப்பு. அத்தைதான், "நீ போகாத, இரு" என்று கையைப் பிடித்து நிறுத்தினார். கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது எனக்கு லேசாக இல்லை. அழுதான், வண்டியை உதைத்தான், கடைசியில் பின்பக்கம் இரண்டு எட்டு வைத்து, முன் சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கி, சரித்துத் திருப்பிவிட்டான். திருப்பியதும் எங்களைப் பார்த்தான் பாருங்கள், அந்த வாக்கர் பத்துப் பாட்டுப் பாடினாலும் அந்த முகம் கிடைக்காது. பதிமூன்றாம் மாசம் தனியாக நடந்தான். வண்டியால்தான் நடந்தான் என்று சொல்ல மாட்டேன், எட்டு மாசத்திலிருந்து பதினெட்டு மாசத்துக்குள் எப்போது நடந்தாலும் சரிதான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கே சொல்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு நான் ஒருமுறை தூக்கம் கெட்டதே போதும்.

சொப்பு மூத்தவளுக்கு. ஓலைப்பெட்டிக்குள் அடுப்பு, பானை, அம்மி, உரல், உலக்கை, திருகை, குடம், கரண்டி என்று ஒரு அடுக்களையே இருந்தது. வேலைப்பாடு அருமை, திருகை நிஜமாகவே சுற்றுகிறது. ஆனால் கரண்டியும் உலக்கையும் சின்ன கிண்ணங்களும் கைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ஆகாது. மூன்று வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு, ஒன்றேகால் அங்குல அகலக் குழாய்க்குள் நுழைகிற எதுவும் தொண்டையில் சிக்கலாம் என்பது பொம்மைச் சோதனைகளில் உள்ள கணக்கு. பிளம்பரிடம் அந்த அளவு பைப் துண்டு ஒன்று கேட்டு வாங்கி எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன், ஏழு உருப்படி நுழைந்தன. அந்த ஏழும் ஒரு டப்பாவில் அலமாரி மேல்தட்டில் இருக்கின்றன, தம்பி தூங்கும்போது மட்டும் இறங்கும். இது கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டியது, சொல்லவில்லை. தண்ணீரிலும் ஊறப் போடாதீர்கள், எங்கள் சிவப்புக் குடம் ஒரு ராத்திரி வாளியில் கிடந்து வெளிறிப்போய்விட்டது.

ஒருநாள் அவள் சமைக்கிறாள், நான் கதவோரம் நிற்பது தெரியாமல், பக்கத்தில் வந்த தம்பியிடம், "தள்ளுல, எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு" என்றாள். அப்படியே என் குரல், அந்தப் பெருமூச்சு உட்பட. அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு நானும் போய் உட்கார்ந்தேன், கால் படி மணலில் பொங்கல் வைத்தோம்.

விலை: நான் வாங்கியபோது வண்டி எழுநூறு, பெட்டி நானூற்றைம்பது. பேரம் பேசவில்லை, பேச மனசும் வரவில்லை. போன மாசம் அம்மிக் குழவி தொலைந்துவிட்டது என்று போனால், தனியாகக் கடைந்து கொடுத்தார், காசு வாங்கவில்லை. பச்சை அம்மிக்கு மஞ்சள் குழவி. அது ஆச்சி வீட்டுக் குழவி, இரவல் வாங்கி வந்தது என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.