தீக்காயம் பட்ட குழந்தைக்காகப் பணம் திரட்டினேன், அது அவளிடம் போய்ச் சேரவில்லை

என்னை நம்பி 38 பேர் பணம் கொடுத்தார்கள். அவர்கள் எல்லோரிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் பொதுவில் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். நேற்று கடைசி ஆளிடமும் சொல்லிவிட்டேன்.

போன வருடம் தெரிந்தவர் ஒருவர் எனக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தியை அனுப்பினார். ஆறு வயதுப் பெண் குழந்தை, கொதிக்கிற எண்ணெய் கொட்டி கழுத்திலும் வலது கையிலும் தீக்காயம். புண் ஆறிவிட்டது, ஆனால் தழும்பு இழுத்து இழுத்துத் தாடை நெஞ்சோடு ஒட்டியது போல் ஆகிவிட்டது. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. படத்தின் கீழே மருத்துவமனையின் எஸ்டிமேட் கடிதம், 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடக்க வேண்டும் என்ற வரி, ஒரு வங்கிக் கணக்கு எண். ஏழைக் குழந்தைகளின் சிகிச்சைக்கு உதவும் ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் தன் பெயரைப் போட்டிருந்தார். கணக்கும் அவர் பெயரில்தான் இருந்தது.

ஏன் மருத்துவமனைக்கே நேராகக் கட்டக்கூடாது என்று கேட்டேன். "அங்கே கட்டினா பழைய பாக்கியில கழிச்சுக்குவாங்க சார், குழந்தைக்கு ஆபரேஷன் நடக்காது" என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. என் பங்கைக் கொடுத்தேன், நண்பர்களிடம் கேட்டேன், அலுவலகத்தில் கேட்டேன். இரண்டு நாளில் அவர் கேட்ட தொகை சேர்ந்துவிட்டது.

அந்த 48 மணி நேரம்தான் முதல் பொய். ஆறிய தீக்காயத்தின் சுருக்கத்தை விடுவித்துத் தோல் ஒட்டுகிற அறுவை சிகிச்சை பெரும்பாலும் நாள் குறித்து, குழந்தையைத் தயார் செய்து நடத்துவது. கண் இமை சுருங்கி விழி திறந்தே இருப்பது போன்ற நிலைகளில்தான் மிகவும் அவசரப்படுவார்கள். இந்தக் குழந்தைக்கு அப்படி எதுவும் இல்லை. யாராவது ஒரு மருத்துவரைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. அவசரம் என்ற சொல்லைப் படித்ததும் விசாரிப்பதே பாவம் என்று தோன்றிவிட்டது. மோசடி செய்பவர்கள் எதிர்பார்ப்பதும் இந்த மனநிலையைத்தான்.

பத்து நாள் கழித்து ஆபரேஷன் முடிந்தது என்று ஒரு படம் வந்தது. குழந்தை படுத்திருக்கிறாள், கையில் கட்டு. ஆனால் கட்டு இடது கையில் இருந்தது. கேட்டதற்கு, செல்ஃபி கேமராவில் எடுத்ததால் இடம் வலம் மாறித் தெரிகிறது என்றார். சரி என்று விட்டுவிட்டேன். அன்று இரவு தூக்கம் வராமல் படத்தை மறுபடி பார்த்தபோதுதான் பின்னால் சுவரில் இருந்த எழுத்துகள் கண்ணில் பட்டன. அவை நேராகவே இருந்தன.

மறுநாள் அந்த மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவ சமூகப் பணியாளர் என்று ஒருவர் அங்கே இருப்பார் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. நோயாளியின் குடும்பம், செலவு, நிதி உதவி, தங்குமிடம் எல்லாவற்றையும் கவனிப்பது அவர்கள் வேலை. அவர் ஃபைலைத் தேடி எடுத்தார். எஸ்டிமேட் கடிதம் உண்மையானதுதான், ஆனால் எட்டு மாதம் பழையது. எனக்கு வந்த படத்தில் தேதி இருந்த மேல்பகுதியை வெட்டியிருந்தார்கள். அந்த ஒரு முறைக்கு அப்புறம் குழந்தை அங்கே வரவே இல்லை. என்னை உடைத்துப் போட்டது அடுத்து அவர் சொன்னதுதான். வந்திருந்தால் மருத்துவமனையின் ஏழைகள் நிதியிலேயே அறுவை சிகிச்சை நடந்திருக்கும், நாங்கள் யாருமே பணம் திரட்டத் தேவையில்லை.

ஃபைலில் இருந்த எண்ணுக்கு அவரே அழைத்துப் பேசி, சம்மதம் கேட்டு, அம்மாவை வரவழைத்தார். அந்த அம்மா சொன்னது: "அவரே எல்லாம் பாத்துக்கிறேன்னு சொன்னாரு அண்ணா. நீங்களா ஆஸ்பத்திரிக்குப் போனா லிஸ்டுல இருந்து பேரை எடுத்துடுவாங்கன்னாரு." வெற்றுத் தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார் அந்த ஒருங்கிணைப்பாளர். திரட்டியதில் பத்தில் ஒரு பங்கு கூட அவர்கள் கைக்குப் போகவில்லை. கட்டுப் போட்ட படத்தில் இருந்தது வேறு குழந்தை.

பணம் போனதை விட அந்த எட்டு மாதம் போனதுதான் எனக்கு ஆறவில்லை. தழும்புத் தோல் வளராது, குழந்தை வளர்வாள். எலும்பு நீள நீளத் தழும்பு இன்னும் இறுக்கி இழுக்கும். மூட்டு மடங்கியே கிடந்தால் உள்ளே தசைநாரும் இறுகிவிடும், பிறகு தோலை மட்டும் விடுவித்துப் பயனில்லை. கழுத்து பின்னால் சாயாததால் மயக்க மருந்து கொடுக்கும்போது மூச்சுக்குழாயில் குழாய் போடுவதும் கடினமாகிறது. அந்த ஆள் திருடியது இந்த நாட்களையும் சேர்த்து.

அறுவை சிகிச்சையோடு செலவு முடிந்துவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். பிறகு மூட்டை மடங்காமல் பிடித்து வைக்கிற ஸ்ப்ளின்ட், பிசியோதெரபி, பிரஷர் கார்மெண்ட் என்கிற இறுக்கமான உடை எல்லாம் வேண்டும். அந்த உடையை ஒரு நாளில் 23 மணி நேரம், ஒரு வருடமோ அதற்கு மேலோ போட வேண்டியிருக்கும். குழந்தை வளர வளர மாற்றவும் வேண்டும். புற்றுநோயிலும் இப்படித்தான். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்குச் சிகிச்சை இரண்டு மூன்று வருடம் ஓடும், திரட்டிய பணமோ முதல் சில வாரங்களோடு சரி. வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள், ஏழை நாடுகளில் 30 சதவீதத்துக்கும் குறைவு என்கிறது உலக சுகாதார அமைப்பு. சிகிச்சையைப் பாதியில் விடுவதையும் அது ஒரு காரணமாகச் சொல்கிறது. ஆகவே "ஆபரேஷனுக்கு மட்டும் இவ்வளவு" என்று ஒரே தொகையைச் சொல்பவரிடம், அப்புறம் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். உண்மையாகக் குழந்தையோடு இருப்பவருக்கு அதற்குப் பதில் தெரிந்திருக்கும்.

இப்போது நான் யாருக்குக் கொடுப்பதானாலும், செய்தியில் உள்ள எண்ணை விட்டுவிட்டு மருத்துவமனையின் பொது எண்ணைத் தேடி எடுத்து, சமூகப் பணியாளரைக் கேட்கிறேன். நோயாளியின் விவரத்தை முன்பின் தெரியாதவரிடம் அவர்கள் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. குடும்பத்தையே அவரிடம் பேச வைத்தால் போதும். பணம் நோயாளி எண்ணைக் குறித்து மருத்துவமனைக் கணக்கில்தான் கட்டுவேன், ரசீதும் வாங்குவேன். பாக்கியில் கழித்துக்கொள்வார்கள் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுவேன். நல்ல அமைப்புகளும் இப்படித்தான் இயங்குகின்றன. உதட்டுப் பிளவுக்காக 1999 இல் தொடங்கிய ஸ்மைல் டிரெயின் உள்ளூர் மருத்துவமனைகளுக்கு நிதியும் மருத்துவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறது, குடும்பத்துக்குச் சிகிச்சை இலவசம்.

இன்னொரு தவறு முழுக்க என்னுடையது. குழந்தையின் முகத்தை மறைக்காமல் அந்தப் படத்தை நானும் எல்லாக் குழுக்களிலும் போட்டேன். அதே படம் வேறு இரண்டு பெயர்களில் சுற்றுவதைப் பிறகு பார்த்தேன். காவல்துறையிலும் வங்கியிலும் புகார் கொடுத்திருக்கிறேன், அந்தப் பதிவுகள் நீக்கப்பட்டன. ஆனால் எத்தனை போன்களில் அவள் முகம் கிடக்கிறதோ, அதை என்னால் திரும்ப வாங்க முடியாது.

அவளுக்கு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, ஏழைகள் நிதியிலேயே. இப்போது நிமிர்ந்து பார்க்கிறாள். சுண்டுவிரல் மட்டும் முழுதாக நீளவில்லை, வளர்ந்த பிறகு இன்னொரு முறை செய்ய வேண்டியிருக்கலாம் என்றார் மருத்துவர். அந்த இறுக்கமான உடைக்கும் பிசியோதெரபிக்கும் ஆகும் செலவை மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டுகிறோம். ஒவ்வொரு ரசீதையும் அந்த 38 பேருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.