ரூபாய் 38,500 போயிற்று: கியர் வெட்டக் கொடுப்பவர்கள் கவனம்

திருகோணமலையில் வீட்டோடு பட்டறை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். முந்தாநாள்தான் பார்சலைப் பிரித்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை.

உவர்மலையில் என் வீட்டில் இருக்கும் லேத் (கடைசல் இயந்திரம்) பழைய இங்கிலாந்துத் தயாரிப்பு. அதன் மாற்றுச் சில்லுகள், அதாவது கழற்றி மாற்றி மாட்டும் கியர்கள், அங்குலக் கணக்கில் வெட்டப்பட்டவை: 20 டி.பி. (விட்டத்தின் ஓர் அங்குலத்துக்கு 20 பல் என்ற கணக்கு), அழுத்தக் கோணம் (பல்லின் பக்கச் சரிவு) 14.5 பாகை. 40 பல் சில்லில் இரண்டு பல் முறிந்துவிட்டது. தேய்ந்துபோன வேறு இரண்டையும் சேர்த்து, இணையத்தில் விளம்பரம் செய்யும் வெளியூர்ப் பட்டறை ஒன்றுக்கு மாதிரிக்காக அனுப்பினேன்.

தொலைபேசியில் பேசியவர் எடுத்த எடுப்பிலேயே, "14.5 பாகையா, 20 பாகையா?" என்று கேட்டார். பல்லை எண்ணி விட்டத்தை அளந்தால் போதும் என்று நினைக்கும் ஆட்களையே பார்த்துச் சலித்த எனக்கு, அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. பிறகு வாட்ஸ்அப் வீடியோவில் என் சில்லின் பல்லிடுக்கில் அளவுத் தகட்டை வைத்து, வெளிச்சம் கசியவில்லை என்று காட்டினார். அன்றே ரூபாய் 38,500 முழுவதையும் வங்கியில் வைப்பிலிட்டேன்.

வந்தவை பளபளவென்றுதான் இருந்தன. பழைய சில்லோடு சேர்த்துக் கையால் உருட்டினால் இறுகுகிறது, விடுகிறது, மறுபடி இறுகுகிறது. வேணியர் அளவுகோலை எடுத்தேன். 40 பல்லுக்கு வெளிவிட்டம் 53.34 மி.மீ. இருக்க வேண்டும், இருந்தது 52.5. நான்கு பல்லைக் கவ்வி ஓர் அளவும் ஐந்து பல்லைக் கவ்வி ஓர் அளவும் எடுத்துக் கழித்தேன், பல்லுக்குப் பல் உள்ள தூரம் அதில் தெரிந்துவிடும். 3.69 வந்தது. மாதிரியை அனுப்புமுன் அதே முறையில் அளந்து குறித்த தாளில் இருப்பது 3.86. சந்தேகமே இல்லை, மொடியூல் (மி.மீ. கணக்கில் பல்லின் அளவு) 1.25, 20 பாகை. கையில் இருந்த வெட்டியால் வெட்டிக் கட்டி அனுப்பிவிட்டார்கள்!

அழைத்தால், "ஓட ஓடச் சரியாகிவிடும் அண்ணா" என்கிறார். பல்லுக்குப் பல் தூரமே வேறு, எப்படிச் சரியாகும்? அளவுகளை எழுதி அனுப்பினேன். உங்கள் வேணியர் பிழையாக இருக்கும் என்று பதில். அடுத்த அழைப்பில் முதலாளி கொழும்பில் என்றார்கள். இப்போது நீல அடையாளம் மட்டும் விழுகிறது, பதில் இல்லை. ரூபாய் 38,500 உம் இல்லை, நான் கொடுத்த மாதிரிச் சில்லுகளும் இல்லை.

அளக்கும் முறையை விரிவாக எழுதத்தான் நினைத்தேன், மனம் வரவில்லை. இவற்றையாவது செய்யுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். டி.பி.யா மொடியூலா, எத்தனை பாகை என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். 20 டி.பி. என்பது மொடியூல் 1.27, 1.25 "கிட்டத்தட்ட ஒன்றுதான்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மாதிரியை அளந்து குறிக்காமல் கைவிட்டு அனுப்பாதீர்கள். நான் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடப் போகிறேன். இதே போல ஏமாந்தவர்கள் இருந்தால் பற்றுச்சீட்டை எறிந்துவிடாமல் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே முறையிடலாம்.